மெட்ரோவைக் காட்டி விற்பவர்களின் பங்கு

தலைநகர் தில்லியைச் சுற்றியுள்ள நகரங்களில் அடுக்குமாடிக் குடியிருப்பு விற்பனைக்கு வரும்போதெல்லாம் விளம்பரத்தில் தவறாமல் இடம்பெறும் வாசகம் ஒன்று உண்டு: "மெட்ரோ ரயில் நிலையம் ஐந்து நிமிடத் தொலைவில்". அந்த ஐந்து நிமிடம் காரில் செல்பவருக்கான கணக்கு என்பது குடியேறிய பின்னர்தான் தெரிய வருகிறது. நடந்து செல்பவருக்கு நடைபாதை இல்லை. ஏறிச் செல்லப் பேருந்தும் இல்லை. ரயில் வருவதால் நிலத்தின் விலை ஏறுகிறது. அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி கட்டுமான நிறுவனத்தின் லாபத்தில் சேர்கிறது. பாதை அமைத்த செலவு மட்டும் வரி செலுத்துவோர் தலையில் விழுகிறது. இதை இப்படியே விட்டுவிடலாமா?

இக்கேள்விக்குப் பாடம் படிக்க ஏற்ற இடம், 2016 முதல் குருகிராம் என்று அழைக்கப்படும் குர்காவ்ன். 1975-ஆம் ஆண்டின் ஹரியாணா நகர்ப்புற வளர்ச்சிச் சட்டத்தின்கீழ் தனியார் நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கி வளர்க்கப்பட்ட நகரம் அது. வீடுகளும் அலுவலகங்களும் உயர்ந்தன. பொதுப் போக்குவரத்து மட்டும் யார் பொறுப்பிலும் இல்லை. தில்லி மெட்ரோ அங்கு சென்று சேர்ந்தது 2010-இல். நகரப் பேருந்துகளுக்கெனத் தனி நிறுவனம் அமைந்து, பேருந்துகள் ஓடத் தொடங்கியது 2018-இல்தான். அதற்குள் காரில்லாமல் வாழ முடியாத ஊர் என்ற பெயரை குர்காவ்ன் பெற்றுவிட்டது.

இடையில் 2013 நவம்பரில், முற்றிலும் தனியார் முதலீட்டில் 'ரேபிட் மெட்ரோ' ஓடத் தொடங்கியபோது நாடே வியந்தது. தொடக்கத்தில் பங்குதாரராக இருந்த டி.எல்.எப். நிறுவனம் பின்னர் விலகிக்கொள்ள, ஐ.எல்.எப்.எஸ். குழுமம் அதைக் கட்டி முடித்தது. நிலையங்களின் பெயர்களையும் நிறுவனங்களுக்கு விற்று வருவாய் தேடினார்கள். 2017-இல் பாதை நீட்டிக்கப்பட்டது. ஆனால் எதிர்பார்த்த அளவுக்குப் பயணிகள் வரவில்லை. 2018-இல் ஐ.எல்.எப்.எஸ். குழுமமே கடன் சுமையில் மூழ்கியது. அடுத்த ஆண்டு ரயிலை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்து, உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2019 அக்டோபரில் பொறுப்பு மாநில அரசின் கைக்கு மாறியது. அப்போது அதை இயக்கும் வேலையை ஏற்றது தில்லி மெட்ரோ நிறுவனம். கடன் தொகையில் 80 சதவீதத்தை அரசுத் தரப்பு செலுத்த வேண்டும் என 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நிலம் விற்ற லாபம் விற்றவர்களிடமே தங்கியது; ரயிலின் நஷ்டம் பொதுக் கருவூலத்துக்கு வந்தது. ஹைதராபாதிலும் ஏறத்தாழ இதே கதைதான். நில மேம்பாட்டு உரிமைகளுடன் எல் அண்டு டி நிறுவனம் கட்டி 2017-இல் திறந்த மெட்ரோவை ஏற்றுக்கொள்ள 2025-இல் தெலங்கானா அரசு இசைந்தது.

ஆகவே, ரயிலை ஓட்டும் வேலையைக் கட்டுமான நிறுவனங்களிடம் எதிர்பார்க்க வேண்டாம். அவர்களிடம் கேட்க வேண்டியவை பணமும் இடமும்தான். பெங்களூரில் கோனப்பன அக்ரஹாரா நிலையத்துக்காக இன்போசிஸ் அறக்கட்டளை ரூ. 200 கோடி வழங்க ஒப்பந்தம் செய்தது. அந்த நிலையத்தை இயக்குவது அரசு சார்ந்த மெட்ரோ நிறுவனம். 2025 ஆகஸ்டில் அந்தப் பாதை திறக்கப்பட்டது. முறை சரியானது. எனினும் நன்கொடையாளரின் மனத்தை நம்பி நகரம் நடத்த இயலாது. ஹாங்காங்கில் ரயில் நிறுவனமே நிலையங்களை ஒட்டிய நில மேம்பாட்டு உரிமையைப் பெற்று, கட்டுமான நிறுவனங்களின் லாபத்தில் பங்கு வாங்கிக்கொள்கிறது. அங்கே அது தயவு அல்ல, ஒப்பந்தம்.

பெரும் தொகைகளைப் பற்றிப் பேசும்போது சிறிய விஷயங்கள் மறந்துபோகின்றன. உண்மையில் பயணி துன்பப்படுவது அங்குதான். கிலோமீட்டர் கணக்கில் நீளும் மதிற்சுவர். அதற்கு ஒரே ஒரு வாயில். நிலையம் கண்ணெதிரே தெரிந்தாலும் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பின்புறம் நடந்து செல்வோருக்கென இன்னொரு வாயிலைத் திறந்து, விளக்குப் போட்டு, நிலையம் வரை நிழல் தரும் நடைபாதை அமைக்க என்ன பெரிய செலவாகிவிடும்? இரவுப் பணி முடிந்து திரும்பும் பெண்ணுக்கு மெட்ரோ பயன்படுமா என்பதை முடிவு செய்வது அந்தக் கடைசி அரைக் கிலோமீட்டர்தான். குடியிருப்புகள் பலவும் தத்தமக்கென வேன் அமர்த்தி நிலையத்துக்கு அனுப்புகின்றன. பெரும்பாலும் அவை உரிமையாளர்களுக்கு மட்டுமே. வீட்டு வேலைக்கு வரும் பெண்களும் காவலாளிகளும் அதே சாலையின் ஓரமாக நடந்து வருகிறார்கள். அந்த வேன்களுக்கு ஆகும் செலவை ஒன்றுதிரட்டினால் அனைவரும் ஏறக்கூடிய சிற்றுந்துகளை ஓட்ட முடியும். வாகன நிறுத்தமும் அப்படியே. நிலையத்துக்கு அருகில் என்று சொல்லி விற்கும் வீட்டுக்கு இரண்டு கார் நிறுத்தும் இடம் எதற்கு?

செலவை எங்கள் மீது சுமத்தினால் வீடு வாங்குபவரிடம்தானே வசூலிப்போம் என்பார்கள் கட்டுமான நிறுவனத்தினர். ஓரளவு உண்மைதான். ஆனால் ரயிலுக்கு அருகில் என்று கூறி அதிக விலை வாங்கும்போது அந்தத் தொகை ஏற்கெனவே வசூலாகிவிட்டது. ஹரியாணாவில் வெளிப்புற வளர்ச்சிக் கட்டணத்தை வாங்குபவரிடம் பெற்றுக்கொண்டு அரசுக்கு பாக்கி வைத்த நிறுவனங்களையும் பார்த்தாயிற்று. அரசின் மீதும் குறை உண்டு. வசூலான கட்டணம் எந்தச் சாலைக்கு, எந்தப் பேருந்துக்குப் போனது என்பதை மக்கள் அறிய வழியில்லை. போக்குவரத்துக்கெனத் தனிக் கணக்கு வைத்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

சட்டத்தில் ஆயுதங்கள் இல்லாமல் இல்லை. விளம்பரத்தில் தவறான தகவல் தந்து முன்பணம் பெற்றால், அதனால் நஷ்டமடைந்தவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு. "ஐந்து நிமிடம்" என்ற வாசகத்தை இப்பிரிவின் அளவுகோலால் அளந்து பார்க்கலாம். 2017-இல் வெளியான மத்திய அரசின் மெட்ரோ கொள்கை, நிலையத்தின் இருபுறமும் 5 கி.மீ. வரை இணைப்பு வசதிக்கு மாநிலங்கள் உறுதியளிக்க வேண்டும் என்கிறது. அந்த உறுதிமொழியில் கட்டுமான நிறுவனத்தின் பங்கு எவ்வளவு என்பதை உரிமத்திலேயே எழுதி, அந்தப் பங்கு நிறைவேறிய பிறகே குடியேற அனுமதிச் சான்றிதழ் தர வேண்டும்.

குர்காவ்னில் 28.5 கி.மீ. நீளமுள்ள புதிய மெட்ரோ பாதைக்கு 2023-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்து, 2024 பிப்ரவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அப்பாதையை ஒட்டி எழும் திட்டங்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் ஹரியாணா அரசிடம் இருக்கிறது. கையெழுத்திட்டுக் கொடுத்த உரிமத்தில் பின்னர் நிபந்தனை சேர்ப்பது எளிதன்று.