மாட்டை மீட்டால் போதுமா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி ஜில்லாக்களில் கொட்டித் தீர்த்த மழையை அந்தப் பகுதி ஜனங்கள் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. ஓர் ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டியதற்கு மேல் ஒரு நாளில் பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டது. ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் வட்டாரங்கள் தண்ணீரில் மிதந்தன. மனிதர்கள் மாடியில் ஏறினார்கள், மேட்டுக்கு ஓடினார்கள். தொழுவத்தில் கட்டிய மாடும் பட்டியில் அடைத்த ஆடும் எங்கே ஏறும்? எங்கே ஓடும்?

மாடு நீந்தத் தெரிந்த ஜீவன். வெள்ளத்தில் சாகும் மாடுகளில் பல நீந்தத் தெரியாமல் சாவதில்லை. அவிழ்த்துவிட ஆள் இல்லாமல் சாகின்றன. வீட்டுக்குள் தண்ணீர் புகும் நேரத்தில் குழந்தையைத் தூக்குவதா, கிழவியைத் தூக்குவதா, கயிற்றை அவிழ்ப்பதா என்று ஏழைக் குடும்பம் தவிக்கிறது. அந்தத் தவிப்பு அந்தக் குடும்பத்தின் குற்றம் அல்ல. முன்கூட்டி எச்சரிக்காத, மேட்டில் இடம் ஒதுக்காத நிர்வாகத்தின் குற்றம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை ஏறியபோதும் இதே கதைதான். தென்னை விழுந்ததைப் பற்றி நாடு பேசியது. அது பேசவேண்டிய விஷயமே. ஆனால் தென்னந்தோப்பு இல்லாதவனுக்கு, காணி நிலம்கூட இல்லாதவனுக்கு, அவன் கட்டிய ஆடும் மாடும்தான் தோப்பு, அவைதான் நிலம். அவை செத்ததை எத்தனை பேர் பேசினார்கள்?

ஏழையின் பெட்டகம்

விவசாயத் தொழிலாளியின் வீட்டில் இரும்புப் பெட்டி இல்லை. பாங்கிக் கணக்கில் பணம் நிற்பதில்லை. அவன் சேமிப்பு நான்கு காலில் நிற்கிறது. மகள் கல்யாணத்துக்கு ஒரு மாடு, பையன் பள்ளிக்கூடச் செலவுக்கு இரண்டு ஆடு, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால் ஒரு கிடாய். இப்படித்தான் கிராமத்து ஏழை கணக்குப் போடுகிறான்.

2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 95 லட்சம் மாடுகளும், 98 லட்சம் வெள்ளாடுகளும், 45 லட்சம் செம்மறி ஆடுகளும் இருந்தன. இவை எல்லாம் பெரிய பண்ணைக்காரர்களின் சொத்து என்று யாராவது நினைத்தால் அவர்கள் கிராமத்தைப் பார்த்ததில்லை. வரப்பில் புல் அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவரும் பெண்களைக் கேட்டால் தெரியும், இவை யார் உழைப்பில் வளர்கின்றன என்பது.

இன்னொரு கணக்கையும் பார்ப்போம். 2023-24ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 294 ரூபாய். நூறு நாளும் குறையாமல் வேலை கிடைத்தாலும் 29,400 ரூபாய்தான். அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலை ஒட்டி, செத்த மாட்டுக்கு நிவாரணத்தை 30,000த்திலிருந்து 37,500 ரூபாயாகவும், ஆட்டுக்கு 3,000த்திலிருந்து 4,000 ரூபாயாகவும் மாநில சர்க்கார் உயர்த்தியது. உயர்த்தியதை வரவேற்கிறோம். ஆனால் இந்தத் தொகையிலிருந்தே ஓர் உண்மை புலப்படுகிறது. சர்க்கார் போட்ட மதிப்பின்படியே, ஒரு மாடு செத்தால் ஒரு தொழிலாளியின் நூறு நாள் கூலியும் செத்தது, அதற்கு மேலும் செத்தது!

ஆகவே வாயில்லா ஜீவனைக் காப்பது கருணை உள்ளவர்களின் பொழுதுபோக்கு அல்ல. அது கூலிப் பிரச்னை. உழைப்பாளி மக்களின் ஜீவாதாரப் பிரச்னை.

இரண்டாம் நாள் தீவனம் யார் போடுவது?

வெள்ளத்தில் இறங்கி மாட்டை இழுத்துக் கரை சேர்ப்பவர்கள் வீரர்கள்தான். சந்தேகமில்லை. ஆனால் கரையேறிய மாட்டுக்கு மறுநாள் தீவனம் யார் போடுவது? மூன்றாம் நாள் ஊசி யார் போடுவது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால், தண்ணீரில் சாகவேண்டிய மாடு தரையில் சாகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு மாட்டுக்கு நாளைக்கு ஆறு கிலோ வைக்கோல் வேண்டும். நாற்பது லிட்டராவது நல்ல தண்ணீர் வேண்டும். ஒரு கிராமத்தில் நூறு மாடு, பத்து நாள் என்று வைத்துக்கொண்டால் 6 டன் வைக்கோல். வெள்ளத்தில் வைக்கோல் போரும் போய்விடுகிறது, மேய்ச்சல் நிலமும் சேறாகிவிடுகிறது. இந்த 6 டன் வானத்திலிருந்து விழாது. ஒருவர் பொறுப்பெடுத்துக் கொண்டுவர வேண்டும்.

இங்கே நம் தோழர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும். நல்ல மனதோடு செய்கிற காரியமே சில சமயம் கொன்றுவிடுகிறது.

பட்டினி கிடந்த மாட்டைப் பார்த்ததும் நிவாரண முகாமில் மிஞ்சிய சோற்றையும் கஞ்சியையும் அண்டா அண்டாவாக ஊற்றுகிறார்கள். கூடாது! அரிசிச் சோறு மாட்டின் பெருவயிற்றில் புளித்து அமிலமாகிவிடும். வயிறு உப்பி, கால் தள்ளாடி, ஓரிரு நாளில் மாடு விழுந்துவிடும். முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வைக்கோல் அல்லது காய்ந்த புல். இதுவே முறை. நனைந்து பூஞ்சாணம் பிடித்த வைக்கோலைப் போடவே கூடாது.

விழுந்து கிடக்கும் மாட்டை வாலைப் பிடித்தோ கழுத்துக் கயிற்றைப் பிடித்தோ இழுக்கக் கூடாது. அடியில் வைக்கோல் பரப்பி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். ஒரே பக்கம் கிடந்தால் கால் மரத்து, பிறகு எழவே எழாது.

வெள்ளம் வடிந்த பிறகு தொண்டை அடைப்பானும், சப்பை நோயும், கோமாரியும் வரும். ஆட்டுக்குத் துள்ளுமாரி வரும். நோய் வந்த பிறகு ஓடுவதை விட மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்வது மேல். 2019ல் மத்திய சர்க்கார் தொடங்கிய திட்டத்தின்படி கோமாரி ஊசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகப் போட வேண்டும். உங்கள் ஊருக்கு வந்து போட்டார்களா? கேளுங்கள். வரவில்லை என்றால் சங்கத்தின் மூலம் மனு கொடுங்கள். அவசரத்துக்குக் கால்நடை ஆம்புலன்ஸை 1962 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

செத்த மாட்டை வாய்க்காலில் தள்ளக் கூடாது. கிணற்றுக்குத் தூரமாக ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். மூக்கிலும் ஆசனவாயிலும் ரத்தம் வடிந்து திடீரென்று செத்திருந்தால் அறுக்கவும் கூடாது, தோல் உரிக்கவும் கூடாது. அது அடைப்பானாக இருக்கலாம், மனிதனையும் கொல்லும்.

இதில் ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறோம். செத்த மாட்டைத் தூக்குவது எந்த ஜாதியின் தலையெழுத்தும் அல்ல. "சேரியிலிருந்து ஆள் கூப்பிடு" என்று எந்த அதிகாரி சொன்னாலும், எந்த மிராசுதார் சொன்னாலும், அதை ஏற்க முடியாது. இயந்திரமும் கையுறையும் முழங்கால் காலணியும் நியாயமான கூலியும் கொடுத்துச் செய்யவேண்டிய சர்க்கார் வேலை அது.

மடக்கிப் பிடிப்பது மீட்பாகுமா?

இன்னொரு வகை "மீட்பு"ம் நாட்டில் நடக்கிறது. சந்தையில் வாங்கிய மாட்டை ஏற்றிவரும் லாரியைச் சாலையில் மடக்கி, டிரைவரை அடித்து, மாட்டை இறக்கிவிட்டு, "மீட்டுவிட்டோம்" என்று கோஷம் போடுகிறார்கள். நாம் அதே கேள்வியைத்தான் இவர்களிடமும் கேட்கிறோம். இரண்டாம் நாள் தீவனம் யார் போடுவது?

லாரியில் மாட்டை மூச்சு முட்ட அடைத்துச் செல்வதை நாம் ஆதரிக்கவில்லை. அது கொடுமை. 1978ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு சரக்கு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. அந்த விதியைப் போலீஸ் நடைமுறைப்படுத்தட்டும். தடியெடுத்தவன் எல்லாம் தண்டல்காரனாக வேண்டியதில்லை.

2017 மே 23 அன்று மத்திய சர்க்கார் ஒரு விதியைப் பிறப்பித்தது. சந்தைக்குக் கொண்டுவரும் மாட்டை வெட்டுக்கு விற்கமாட்டேன் என்று விவசாயி எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது. மே 30 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை நிறுத்தி வைத்தது. ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரிவாக்கியது. அந்த விதி நிலைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கறவை வற்றிய மாட்டை விற்று, சற்றே கடனும் வாங்கி, ஒரு சினை மாடு பிடிக்கிற ஏழையின் கையில் விலங்கு பூட்டியிருக்கும். விற்கவும் முடியாது, வளர்க்கவும் வழியில்லை. கடைசியில் மாட்டைச் சாலையில் விடுவதுதான் மிச்சம்.

அதே ஆண்டில் வந்த இன்னொரு விதி, வழக்கு முடிவதற்கு முன்பே மாட்டை உரிமையாளரிடமிருந்து பறித்துக் கோசாலைக்கு அனுப்ப இடம் கொடுத்தது. குற்றம் நிரூபணமான பிறகுதான் பறிக்கலாம் என்கிற மூலச் சட்டத்துக்கு இது முரண் என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டி, விதியை மாற்றுமாறு சர்க்காரிடம் சொன்னது.

அந்த மூலச் சட்டம் 1960ல் பிறந்த மிருகவதைத் தடுப்புச் சட்டம். நடனக் கலைஞர் ருக்மணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் மசோதா கொண்டுவந்து வாதாடியதன் விளைவாக வந்தது. ஒரு பிராணியை எவர் தம் பொறுப்பில் வைத்திருக்கிறாரோ அவர் அதன் நலத்துக்கு வேண்டியதைச் செய்யக் கடமைப்பட்டவர் என்று அதன் மூன்றாம் பிரிவு சொல்கிறது. இது கூலிக்காரனுக்கு மட்டும் எழுதிய சட்டமா? மாட்டைப் பறிமுதல் செய்யும் அதிகாரிக்கும், மீட்டேன் என்று மார்தட்டும் சங்கத்துக்கும், நன்கொடை வாங்கும் கோசாலைக்கும் அதே கடமை உண்டு. தீவனமும் வைத்தியமும் கொடுக்க முடியாதவன் மாட்டில் கை வைக்கக் கூடாது.

நமக்குக் கருணையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டாம். கீழத்தஞ்சையில் பண்ணையாளைச் சவுக்கால் அடித்து, சாணிப்பாலைக் குடிக்க வைத்த காலத்தில், மாட்டுக்கு வைத்த சவுக்கே மனிதனுக்கும் விழுந்தது. அந்தச் சவுக்கைப் பிடுங்கி எறிந்தவர்கள் உழைப்பாளி மக்கள். அடி என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் அவர்கள்.

நமது கோரிக்கைகள்

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு ஜில்லாவுக்கும் ஒரு திட்டம் இருக்க வேண்டும். அதில் கால்நடைக்கு என்ன ஏற்பாடு என்று கலெக்டர்களைக் கேட்கிறோம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருகிறது என்பது புது விஷயமல்ல. அதற்கு முன்பே செய்ய வேண்டியவை இவை:

ஒன்று: ஒவ்வொரு நிவாரண முகாமுக்கும் பக்கத்தில் கால்நடைக்கு ஒரு மேட்டு நிலம், கொட்டகை, தண்ணீர்த் தொட்டி. மாட்டை விட்டுவிட்டு வர மனமில்லாமல் வீட்டிலேயே தங்கி ஆபத்தில் சிக்கும் குடும்பங்களை இது காப்பாற்றும்.

இரண்டு: தாலுகா தோறும் வைக்கோல் இருப்பு. வெள்ள அறிவிப்போடு சேர்த்தே "மாட்டை அவிழ்த்து மேட்டுக்குக் கொண்டுபோங்கள்" என்ற அறிவிப்பு.

மூன்று: மழைக்கு முன்பே தடுப்பூசி. கால்நடை மருந்தகங்களில் காலி இடங்கள் இருந்தால் உடனே நிரப்ப வேண்டும்.

நான்கு: செத்த மாடு வெள்ளத்தோடு போய்விட்டால் "சடலம் எங்கே?" என்று கேட்டு நிவாரணத்தை மறுக்கக் கூடாது. காதில் போட்ட 12 இலக்க வில்லையின் பதிவையும், பால் சங்கத்தின் கணக்கையும், அக்கம்பக்கத்தார் சாட்சியத்தையும் ஏற்க வேண்டும். குத்தகைக்காரனுக்கும் புறம்போக்கில் குடியிருப்பவனுக்கும் பட்டா கேட்காமல் கொடுக்க வேண்டும்.

தோழர்கள் செய்ய வேண்டியது

கோரிக்கை வைத்துவிட்டு நாம் கை கட்டி நிற்கப் போவதில்லை. ஒவ்வொரு கிளைச் சங்கமும் ஒரு நோட்டுப் புத்தகம் போடட்டும். எந்த வீட்டில் எத்தனை மாடு, காது வில்லை எண் என்ன, தனியாக இருக்கும் கிழவி யார், அவள் ஆட்டை அவிழ்க்க எந்த வாலிபர் பொறுப்பு என்று எழுதி வைக்கட்டும். மழைக்காலத்தில் கட்டும் கயிற்றை, ஒரு முனையை இழுத்தால் அவிழும்படி முடிச்சுப் போடப் பழகட்டும். அந்த ஒரு முடிச்சு ஒரு குடும்பத்தின் கூலியைக் காப்பாற்றும்.

மில் தொழிலாளத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் பலருடைய தாய் தகப்பன் இன்னும் கிராமத்தில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஷிப்டு முடிந்து நீங்கள் குடிக்கும் டீயில் இருக்கிற பால் அந்தத் தொழுவங்களிலிருந்துதான் வருகிறது. புயல் வெள்ளம் என்றதும் மில் வாசலில் துண்டேந்தி அரிசியும் துணியும் திரட்டி அனுப்புகிறீர்கள். அடுத்த முறை அந்த லாரியோடு ஒரு லாரி வைக்கோலும் போகட்டும்!

மீட்பது ஒரு மணி நேர வேலை. காப்பது பல நாள் பொறுப்பு. அந்தப் பொறுப்பை ஏழையின் தலையில் மட்டும் சுமத்த விடமாட்டோம். சர்க்காரைத் தட்டிக் கேட்போம், நம் பங்கை நாமும் செய்வோம்.

மழைக்கு முன்பே நோட்டுப் புத்தகத்தைத் திறவுங்கள், தோழர்களே!