விவாக விடுதலையும் கைப்பேசிச் செய்தியும்

வடபழனி முருகன் கோயிலில் முகூர்த்த நாளென்றால் கல்யாணங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் நடப்பதை யாவரும் பார்த்திருக்கலாம். ஜாதகமும் நாழிகையும் பார்த்து முடிக்கப்படும் அவ்விவாகங்களிலும் சில, பின்னர் உயர்நீதிமன்ற வளாகத்திலுள்ள குடும்ப நீதிமன்றத்துக்கு வரத்தான் செய்கின்றன. அங்கு ஜாதகத்தை யாரும் கேட்பதில்லை. சாட்சியம் எங்கே என்றுதான் கேட்கிறார்கள். அச்சாட்சியம் இப்போது கைப்பேசிச் செய்தியாகவும் வருகின்றது. இது தகுமா என்பதே கேள்வி.

நாலு சுவருக்குள் புருஷன் ஏசுவதற்கும் மிரட்டுவதற்கும் இதுவரை யார் சாட்சி? மாமியார் சொல்வாளா? அண்டை வீட்டார் “குடும்ப விவகாரம்” என்று கதவைச் சாத்திக்கொள்வார்கள். பெற்றவர்களோ “பொறுத்துப் போ அம்மா” என்பார்கள். இந்நிலையில் அவன் தன் கைப்பட எழுதி அனுப்பிய வசையையும் வரதட்சணைக் கேள்வியையும் அவள் நீதிபதி முன் வைப்பதில் என்ன தவறு? தனக்கு வந்ததைத் தான் காட்டுகிறாள். புருஷனுக்கும் இதே நியாயந்தான்.

ஆனால், மற்றவர் கைப்பேசியைத் தூங்கும்போது திறந்து திருடுவது வேறு விஷயமாகும். மனைவி அறியாமல் அவளது பேச்சு விவரப் பட்டியலைப் புருஷன் எடுத்துவந்த ஒரு வழக்கில், அது அவளது அந்தரங்க உரிமையைக் குலைத்துப் பெற்றதாகையால் ஏற்கத்தக்கதல்ல என்று 2024 அக்டோபரில் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. 2025 ஜூலை 14-ல் உச்சநீதிமன்றமோ, பஞ்சாபிலிருந்து வந்த ஒரு வழக்கில், மனைவியுடன் தான் பேசியதைப் புருஷன் ரகசியமாய்ப் பதிவு செய்ததை ஏற்கலாம் என்றது. தம்பதிகளுக்குள் நடக்கும் வழக்கில் அவர்களது பேச்சுக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு என்பது அதன் காரணம். அது அவனும் கலந்துகொண்ட பேச்சு. அதைக்கொண்டு பெண்ஜாதியின் பூட்டை உடைக்க அனுமதி கிடைத்துவிட்டதென்று எவரும் துள்ள வேண்டியதில்லை. தாலி கட்டியதனால் அவளும் அவள் கைப்பேசியும் அவனுக்குச் சொத்தாகிவிட மாட்டா.

அன்றியும், எழுத்தில் இருப்பதெல்லாம் உண்மையாகிவிடுமா? செய்தியைப் படம் பிடித்து முன்னும் பின்னும் வெட்டலாம். பொய்ப் பெயரில் புனையவும் செய்யலாம். 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவு இதற்காகவே அத்தாட்சிப் பத்திரம் கேட்கின்றது. குடும்ப நீதிமன்றச் சட்டம் 14-வது பிரிவு, சாட்சியச் சட்டத்தின் கண்டிப்பைத் தளர்த்தி எதையும் ஏற்க இடம் கொடுக்கின்றது என்பது மெய்யே. ஆனால் ஏற்பது வேறு, நம்புவது வேறு. சாஸ்திரமானாலும் கைப்பேசியானாலும் ஆராயாமல் நம்புவது மூடத்தனமேயாகும்.

இனி, இந்த ஒற்று வேலை ஏன் நடக்கின்றது என்று பார்ப்போம். ஒத்துப்போகாத விவாகத்தை ரத்து செய்துகொள்ளும் உரிமை ஆணுக்கும் பெண்ணுக்கும் வேண்டுமென்று 1929-ல் செங்கற்பட்டு மகாநாடு தீர்மானித்தபோது, குடும்பம் கெட்டுவிடுமென்று கூச்சலிட்டார்கள். 1949-ல் சென்னை மாகாணத்திலும் 1955-ல் தேச முழுமைக்கும் இந்துக்களுக்கு அவ்வுரிமை சட்டமாயிற்று. 1976-ல் இருவரும் சம்மதித்துப் பிரியவும் வழி வந்தது. ஆனால் ஒருவர் சம்மதிக்காவிட்டால் மற்றவர் குற்றத்தை நிரூபித்தே தீரவேண்டும். மீளமுடியாதபடி முறிந்த விவாகத்தைத் தன் தனி அதிகாரத்தால் ரத்து செய்யலாமென்று உச்சநீதிமன்றம் 2023-ல் சொன்னதாயினும், குடும்ப நீதிமன்றத்துக்கு அவ்வதிகாரம் இல்லை. வடபழனியில் வீட்டு வேலை செய்யும் பெண் அதற்காக டில்லிக்கா போவாள்?

குற்றம் காட்டினால்தான் விடுதலை என்றால், மக்கள் குற்றத்தைத் தேடத்தான் செய்வார்கள். ஆகவே, முறிந்ததை முறிந்ததென்று ஒப்புக்கொள்ளும் சட்டம் வேண்டும். அதோடு மனைவிக்கு ஜீவனாம்சமும் சொத்தில் பங்கும் உறுதியாக வேண்டும். அது வரும்வரை, தனக்கு வந்த செய்தியை எந்தப் பெண்ணும் வெட்கப்பட்டு அழித்துவிட வேண்டாமென்று சொல்லுகின்றோம். வெட்கப்பட வேண்டியவர் அதை எழுதியவரே.