நான்கு தடங்களும் தோடியின் காந்தாரமும்

போலாரத்தில் ஒரு மாணவர் பழைய கேம் பாயில் சிப்டியூன் இசை அமைக்கக் கற்கிறார் என்றால், ஆய்வுலகம் அதைப் பொழுதுபோக்கு என்றே ஒதுக்கும். 1989இல் வெளிவந்த அக்கருவியில் ஒலிக்கு நான்கே தடங்கள்: துடிப்பலை இரண்டு, 32 புள்ளிகளால் பயனரே வரையும் அலை ஒன்று, இரைச்சல் ஒன்று. ஒலியியல் பயின்றோருக்கு இப்பகுப்பு புதிதன்று; பேச்சிலும் குரல்நாண் அதிர்வும் உரசொலியின் இரைச்சலும் இருவேறு மூலங்களே.

ஸ்வீடனின் யோஹான் கோட்லின்ஸ்கி எழுதிய எல்.எஸ்.டி.ஜே. மென்பொருளில் சுரங்கள் பன்னிரு தானங்களில் அசையாது நிற்கும். கமகம் வேண்டுமெனில், எவ்வளவு விரைவில் எதுவரை வழுக்குவது என்பதைப் பதினாறுநிலை எண்களில் எழுதியாக வேண்டும். காதால் கற்றதை எண்ணாக்க முயலும்போதுதான் தோடியின் காந்தாரம் ஒரு புள்ளியன்று, ஓர் அசைவு என்பது பிடிபடுகிறது.

கமகத்திற்கு ஒவ்வாதது என்ற வாதத்தால்தான் ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இல் விலக்கியது. அத்தடை தளர்ந்தது 1971இல். அதே தீர்ப்பை இதற்கும் வழங்குவது பிழை. ஆர்மோனியத்தின் இரு கட்டைகளுக்கு நடுவே சுரம் இல்லை. இங்கே உண்டு, உழைத்து எழுத வேண்டும், அவ்வளவே. இசைத் துறையும் மொழியியல் துறையும் இணைந்து ஒரு பருவப் பாடமாகவே இதை வைக்கலாம். கருவி கிடைக்காவிடில் (9999 விளையாட்டுகள் எனக் கூவி விற்கப்பட்ட மலிவுப் பெட்டி இதற்கு உதவாது) கணினியில் ஓர் எமுலேட்டர் போதும்.