சேவைக்காலப் பணம் லொத்தர் காசு அல்ல

“அவங்களுக்குத்தான் இலட்சக்கணக்குல காசு வந்திருச்சே, பிறகு எதுக்கு அஸ்வெசும?”

ஒருவர் பேர் வெட்டி வீட்டோடு இருக்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே தோட்டத்தில் இந்தப் பேச்சு கிளம்பிவிடுகிறது. பீலிக்கரையில் தொடங்கி, பிரட்டுக்களத்துக்கு வந்து, கடைசியில் பிரதேச செயலகத்து மேசையில் ஆட்சேபனை மனுவாகப் போய் உட்காருகிறது. அரசாங்கத்துக்கும் கம்பனிகளுக்கும் பதில் சொல்லிப் பழகிய நாம், இந்த முறை நம் லயத்துக்குள்ளிருந்தே வரும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தக் காசு யாருடையது என்று பார்ப்போம்.

2025இல் ஒரு நாள் சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அதில் நூற்றுக்கு 8, அதாவது 108 ரூபா, உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே ஊழியர் சேமலாப நிதிக்கென்று வெட்டப்பட்டது. நிர்வாகம் தன் பங்காக நூற்றுக்கு 12 போட வேண்டும்; அது 162 ரூபா. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் நூற்றுக்கு 3. 40 ரூபா 50 சதம். முதலாவது 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம், இரண்டாவது 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம். இதற்கு மேல், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடச் சேவைக்கும் 14 நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். நாம் சேவைக்காலப் பணம் என்று சொல்வது இதைத்தான்.

ஆகவே இது வானத்திலிருந்து விழுந்த காசு அல்ல. முப்பது வருடமாக நாளுக்கு நாள் உழைத்து, அன்றன்றைக்குக் கைக்கு வராமல் தள்ளி வைக்கப்பட்ட கூலி. தவணைச் சீட்டுக் கட்டியவருக்குக் கடைசிச் சீட்டு விழும்போது அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்று யாரும் சொல்வதில்லையே.

அது எவ்வளவு பெரிய தொகை என்பதையும் பார்த்துவிடலாம். முப்பது வருடம் கொழுந்து பறித்த ஒரு தாய்க்கு 420 நாள் சம்பளம். 1,350 ரூபா வீதம் 567,000 ரூபா. லயத்தில் ஐந்தரை இலட்சம் என்று சொன்னால் வாயைப் பிளக்கத்தான் செய்வார்கள். ஆனால் அவர் ஓய்வுக்குப் பிறகு பதினைந்து வருடம் உயிரோடு இருக்கப் போகிறார் என்று வையுங்கள். 180 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 3,150 ரூபா. அரசாங்கமே 70 வயது தாண்டிய வறியவருக்கு மாதம் 5,000 ரூபா முதியோர் கொடுப்பனவு தருகிறது. முப்பது வருட உழைப்பின் மாதப் பெறுமதி அதைவிடக் குறைவு!

இன்னொரு விதமாகவும் பாருங்கள். அஸ்வெசுமவில் வறிய குடும்பத்துக்கு 2025 ஜனவரியிலிருந்து மாதம் 10,000 ரூபா. மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபா. சேவைக்காலப் பணம் வந்த காரணத்தால் அந்த 10,000 நின்றுபோனால், 57 மாதத்தில் 567,000 ரூபாவும் திரும்பிப் போய்விட்டது என்று அர்த்தம். 17,500 பெற்ற குடும்பமாக இருந்தால் 33 மாதம் போதும். நிர்வாகம் ஒரு கையால் கொடுத்ததை அரசாங்கம் மறு கையால் மூன்று வருடத்துக்குள் எடுத்துக்கொள்கிறது. நாட்சம்பளம் 1,550 ரூபாவாகும் என்று 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் சொன்னார்கள். ஆகட்டும். அப்போது இந்தத் தொகை 651,000. வறிய குடும்பத்துக்கு 65 மாதம் கொஞ்சம். அவ்வளவுதான் வித்தியாசம்.

“எங்கே அப்படி எடுத்தார்கள், படிவத்தில் சேவைக்காலப் பணம் என்று ஒரு வரியாவது இருக்கிறதா?” என்று சில உத்தியோகத்தர்கள் கேட்கலாம். இங்கேதான் நுணுக்கம் இருக்கிறது. அஸ்வெசும 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் வந்த திட்டம். ஒரு குடும்பம் வறியதா இல்லையா என்பதைக் கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என்று ஆறு பிரிவில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போட்டுத் தீர்மானிக்கிறார்கள். முக்கியமாகப் பார்க்கப்படுவது காசை விட, அந்தக் காசு எதுவாக மாறியது என்பதைத்தான். கூரை என்ன, தரை என்ன, மலசலகூடம் எப்படி, மின்சாரம் எவ்வளவு எரிகிறது, வாகனம் உண்டா என்பதைத்தான்.

நம் ஆட்கள் அந்தக் காசை என்ன செய்கிறார்கள்? அடகில் கிடந்த தோட்டையும் சங்கிலியையும் மீட்கிறார்கள். நுண்கடன் கம்பனிக்காரனின் வாராந்தத் தொல்லையை முடிக்கிறார்கள். மகளின் கலியாணக் கடனைக் கட்டுகிறார்கள். மிஞ்சியதில் ஒழுகும் கூரைக்குப் புதுத் தகரம், மண் தரைக்குச் சீமெந்து, வயதான காலத்தில் மழையில் வெளியே ஓடாமல் இருக்க வீட்டோடு ஒட்டிய ஒரு மலசலகூடம். மகன் கேட்டால் ஒரு பழைய முச்சக்கர வண்டிக்கு முற்பணம். ஆறு மாதத்தில் கையில் ஒன்றும் இல்லை. ஆனால் கணக்கெடுக்க வருகிறவரின் கண்ணுக்குத் தகரம் தெரிகிறது, சீமெந்து தெரிகிறது, வாசலில் வண்டி தெரிகிறது. அடைத்த கடன் தெரிவதில்லை. மாதச் சம்பளம் நின்றுபோனதும் புதுத் தகரத்தின் பளபளப்பில் மறைந்துபோகிறது.

இதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. அந்த லயம் நமக்குச் சொந்தமா? இல்லை. பெரும்பாலான குடும்பங்களிடம் உறுதிப் பத்திரம் கிடையாது. நூறு வருடத்துக்கு மேலான காம்பராவைத் திருத்த வேண்டியது யாருடைய பொறுப்போ, அவர்கள் திருத்தவில்லை. தொழிலாளி தன் கடைசிக் கூலியைக் கொட்டி இன்னொருவன் சொத்தைத் திருத்துகிறான். தோட்டத்துக்கு அது இலாபம். தொழிலாளிக்கு அது “வறுமை குறைந்துவிட்டது” என்ற புள்ளி!

நம் மக்களுக்கு இது முதல் தடவையும் அல்ல. 1979இல் உணவு முத்திரைத் திட்டம் வந்தபோது, ஐந்து பேர் கொண்ட குடும்பத்தின் மாத வருமானம் 300 ரூபாவுக்குள் இருக்க வேண்டும் என்று எல்லை போட்டார்கள். கிராமத்து விவசாயியின் வருமானம் அவர் வாயால் சொல்வதுதான். நம் வருமானமோ சதம் தவறாமல் செக்ரோலில் இருந்தது. வீட்டில் எத்தனை பேர் பேர் போட்டார்கள் என்று தோட்டத்து ஆபீசுக்குத் தெரியும். அதனால் தோட்டக் குடும்பங்கள் பெருமளவில் வெளியே நின்றன. எழுத்தில் பதிவான கூலி அன்றைக்கு நமக்கு எதிரான சாட்சியானது. இன்றைக்கு அதே கூலி கடைசித் தவணையாக வந்து மறுபடி சாட்சி சொல்கிறது. 2019இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் எடுத்த கணக்கில் நாடு முழுவதும் வறியோர் நூற்றுக்கு 14.3, தோட்டத் துறையில் 33.8. மூன்றில் ஒருவர் வறியவர் என்று அரசாங்கமே எழுதி வைத்திருக்கும் மக்களிடம்தான் தகரத்தை எண்ணுகிறார்கள்.

அடுத்து ஆட்சேபனை. 2023 ஜூன் மாதம் முதலாவது பட்டியல் ஒட்டப்பட்டபோது, விடுபட்டவர்கள் மேன்முறையீடு செய்யவும், தகுதியில்லாதவர் பட்டியலில் இருந்தால் மற்றவர்கள் ஆட்சேபிக்கவும் இடம் கொடுத்தார்கள். மேன்முறையீடுகள் மட்டும் ஒன்பது இலட்சத்தைத் தாண்டின. பட்டியல் எவ்வளவு கோணலாக இருந்தது என்பதற்கு அதுவே போதும். ஆட்சேபனை என்ற ஏற்பாடு இருப்பது தவறில்லை. கடையும் லொறியும் வைத்திருப்பவர் உதவி எடுத்தால் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அடுத்த காம்பராவில் இருக்கும் அக்காவின் சேவைக்காலப் பணத்தைக் காட்டி மனுக் கொடுக்கிறவர், நாளைக்குத் தனக்கு வரப்போகும் காசுக்கும் இன்றே மனு எழுதிக் கொடுக்கிறார். நாம் எல்லோரும் ஒருநாள் பேர் வெட்டப் போகிறவர்கள்தான்.

இதற்குப் பயந்து வேறொரு புத்திமதியும் உலாவுகிறது. நம் தோட்டத் தலைவர்மார் சிலரும் அதைச் சொல்கிறார்கள்: “காசைத் தங்கச்சி பேர்ல போட்டுரு, கூரையை இப்ப மாத்தாத, கணக்கெடுத்துப் போன பிறகு பார்ப்போம்.” இந்தப் புத்திமதியை நாம் ஏற்கவில்லை. சொந்தக் கூலியை வாங்கிய தொழிலாளி ஏன் திருடனைப்போல் ஒளிய வேண்டும்? சொந்தக்காரர் பேரில் போட்ட காசு திரும்பி வராமல் குடும்பம் உடைந்த கதைகள் எந்தத் தோட்டத்தில் இல்லை? ஒழுகும் கூரையின் கீழ் இன்னொரு மாரியைக் கழி என்று அறுபது வயதுக்காரரிடம் சொல்வது என்ன புத்திமதி?

லொத்தரில் பெரும்பரிசு விழுந்தவருக்காக நாம் வாதாடவில்லை, அது வேறு கதை. தீபாவளி முற்பணத்தையும் இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். அது மாதாமாதம் சம்பளத்தில் வெட்டப்படும் கடன். நாம் பேசுவது சட்டப்படி வர வேண்டிய, வந்தே தீர வேண்டிய காசைப் பற்றி.

அது ஒரே நாளில் பெரிய தொகையாக வந்து கண்ணை உறுத்துவதற்கும் காரணம் நாமில்லை. வேலை முடிந்து 30 நாளுக்குள் பணிக்கொடையைக் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். பிந்தினால், பிந்திய காலத்துக்கு ஏற்ப நூற்றுக்கு 10 முதல் 30 வரை மேலதிகமாகவும் கட்ட வேண்டும். அப்படி ஒழுங்காகக் கொடுக்கிறார்களா? அரசாங்கத்தின் கையிலேயே இருக்கும் ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பிளான்டேஷன் ஆகியவை சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் வருடக்கணக்காக நிலுவையில் போட்டது ஊரறிந்த விடயம். அந்த இடைவெளியில் தொழிலாளி வட்டிக்கு வாங்கிச் சாப்பிட்டார். நிலுவை மொத்தமாக வரும் நாளில் அவர் திடீர்ப் பணக்காரர் ஆகிவிடுகிறாராம். உரிய நேரத்தில் கொடுக்காத குற்றம் அவர்களுடையது, தண்டனை நமக்கு.

வெளிநாடுகளில் என்ன செய்கிறார்கள்? ஐக்கிய இராச்சியத்தில் யுனிவர்சல் கிரெடிட் எனும் உதவியைப் பெறுகிறவரிடம் 6,000 பவுணுக்குள் சேமிப்பு இருந்தால் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. 16,000 பவுணைத் தாண்டினால்தான் உதவி கிடையாது. இடைப்பட்ட தொகைக்குப் படிப்படியாகக் குறைப்பார்கள். விண்ட்ரஷ் விவகாரத்தில் அரசு கொடுத்த நட்டஈடு போன்ற சில பணங்களை எண்ணவே கூடாது என்று தனியாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நிலைமை மோசம். அங்கே வயோதிபருக்கும் அங்கவீனருக்கும் கொடுக்கும் ஓர் உதவிக்குத் தனியாளின் சொத்து எல்லை 2,000 டொலர். 1989இல் போட்டது இன்னும் மாறவில்லை. நாலு காசு சேர்த்தால் உதவி போய்விடும் என்று அங்கேயும் ஏழைகள் பயந்து வாழ்கிறார்கள். ஆனாலும் அங்கே எல்லை எதுவென்று எழுத்தில் இருக்கிறது. பேர் வெட்டப் போகும் நம் தொழிலாளிக்கு “இந்தக் காசால் உன் உதவி நிற்காது” என்று யார் எழுதிக் கொடுக்கிறார்கள்?

டிட்வா புயலுக்குப் பிறகு இந்தக் கேள்வி இன்னும் அவசரமாகிவிட்டது. 2025 நவம்பர் இறுதியில் மலை சரிந்து எத்தனையோ குடும்பங்கள் வீட்டையும் ஆட்களையும் பறிகொடுத்தன. வீட்டைத் துப்புரவு செய்ய 25,000 ரூபா என்று அரசாங்கம் அறிவித்தது. லயத்துக்காரருக்கு அது கிடைக்குமா என்ற இழுபறியைப் பற்றி வேறொரு இதழில் எழுதுவோம். கிடைத்தவர்கள் வாங்கிய பாயும் சட்டியும் நாளைக்கு “வசதி” என்று எண்ணப்படக் கூடாது.

காலமும் நெருங்குகிறது. 2023 ஜூலையில் தொடங்கியபோது வறிய, மிக வறிய பிரிவுகளுக்கு மூன்று வருடம் என்றுதான் சொன்னார்கள். அது 2026 நடுவில் முடிகிறது. அதற்குப் பிறகு யார் உள்ளே, யார் வெளியே என்று மறுபடி பார்ப்பார்கள். அதற்கு முன்பு நலன்புரி நன்மைகள் சபையிடம் நாம் எழுத்தில் கேட்க வேண்டியது இதுதான்: சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, பணிக்கொடை, சம்பள நிலுவை, அனர்த்த நட்டஈடு ஆகியவற்றையும், அவற்றைக் கொண்டு வாங்கியதையும் கட்டியதையும் குறைந்தது மூன்று வருடத்துக்குப் புள்ளிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. உறுதியில்லாத லயக் காம்பராவுக்குத் தொழிலாளி செய்த திருத்தத்தை எந்தக் காலத்திலும் அவர் சொத்தாக எண்ணக் கூடாது. ஒருவரின் உதவியை நிறுத்துவதானால், எந்தக் குறிகாட்டியால் நிறுத்தினோம் என்று அவருக்குத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். இவற்றை மலையகத்தின் எல்லாச் சங்கங்களும் சேர்ந்து கேட்டால்தான் கொழும்பில் காது கேட்கும். கொடியின் நிறத்தை இந்த ஒரு விடயத்திலாவது ஓரமாக வைப்போம்.

நீங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. கடந்த மூன்று வருடத்தில் பேர் வெட்டியவர்கள் பணிக்கொடைக் கடிதம், சேமலாப நிதிப் பத்திரம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் பிரதிகளை எடுத்து வையுங்கள். அடகு மீட்ட சீட்டு, கடன் கட்டிய பற்றுச்சீட்டு, தகரம் சீமெந்து வாங்கிய பில் எதையும் வீசிவிடாதீர்கள். கணக்கெடுக்க வருகிறவரிடம் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கூடவே “இது என் சேவைக்காலக் காசில் செய்தது” என்றும் சொல்லி, படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அன்றைக்கே தோட்டத் தலைவரிடம் திகதியோடு அறிவியுங்கள். உதவி நிறுத்தப்பட்டவர்கள் அடையாள அட்டை இலக்கத்தோடும் அஸ்வெசும பதிவு இலக்கத்தோடும் மாவட்டக் காரியாலயத்துக்கு வாருங்கள். மேன்முறையீட்டை நாமே எழுதித் தருவோம். சந்தா நிலுவை இருக்கிறதே என்று யாரும் தயங்க வேண்டாம்.