மாத்திரையோடு வராத செய்தி

மாதவிலக்கு தள்ளிப்போன பெண்களுக்கு, ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்ட்ரோனையும் மிகை அளவில் சேர்த்த மாத்திரைகளும் ஊசிகளும் இந்நாட்டில் தாராளமாக வழங்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. கருவுறாத பெண்ணுக்கு அம்மருந்தை நிறுத்திய சில நாள்களில் உதிரப்போக்கு ஏற்படும். ஏற்படாவிடில் கரு தங்கியதாகக் கொண்டனர். ஆகவே அது கர்ப்பச் சோதனைக்கும் பயன்பட்டது. கருவைக் கலைக்கும் என்ற தவறான நம்பிக்கையும் பரவியது. கருவிலுள்ள சிசுவுக்கு அதனால் பிறவிக் குறைபாடு நேரக்கூடும் என்ற ஐயத்தை, பிரிட்டனில் இசபெல் கால் என்ற மருத்துவர் 1967இலேயே எழுப்பினார். ஆயினும் 1978இல்தான் அது அங்கே சந்தையிலிருந்து அகன்றது.

இந்தியாவில் 1982இல் தடை ஆணை பிறந்தது. மருந்து நிறுவனங்கள் உடனே கல்கத்தா, பம்பாய் உயர் நீதிமன்றங்களை அணுகி, அந்த ஆணைக்கே இடைக்காலத் தடை பெற்றன. விற்பனை தொடர்ந்தது. பெண்கள் அமைப்புகளும் மக்கள் நலம் நாடும் மருத்துவர்களும் விடாது போராடினர். உச்ச நீதிமன்றம் வரை வழக்கு சென்று, பொது விசாரணைகள் நடந்து, 1988இல்தான் தடை செயலுக்கு வந்தது. இடையில் ஆறு ஆண்டுகள்! பிறவிக் குறைபாடு பற்றிய ஐயம் முற்றாக நிரூபணமாயிற்றா என்பது இன்றும் விவாதத்திற்குரியதே. ஆனால் அப்படியொரு விவாதம் நடக்கிறது என்பதே மாத்திரையை விழுங்கிய பெண்ணுக்குத் தெரியாது.

இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. துர்கா பூஜைக்கோ திருமணத்திற்கோ மாதவிலக்கைத் தள்ளிப்போட நாரெதிஸ்டிரோன் மாத்திரை கேட்டு வாங்குவது, கொல்கத்தாவுக்கும் சென்னைக்கும் பொதுவான வழக்கம். (தீட்டு என்ற கருத்தே இந்த வியாபாரத்தின் முதல் விளம்பரதாரர்.) குமட்டல், தலைவலி, மார்பில் வலி ஆகியவை அதன் பக்கவிளைவுகள். முன்பு இரத்தக்குழாயில் உறைகட்டி ஏற்பட்டவர்களுக்கு அது ஆபத்தானது. மாதவிலக்கு வலிக்குப் பலரும் விழுங்கும் மெஃபனமிக் அமிலம் குறித்து, இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று எச்சரித்தது. காய்ச்சலும் தோல் தடிப்பும் தோன்றி உள்ளுறுப்புகளையும் தாக்கக்கூடிய ஒவ்வாமை பற்றிய எச்சரிக்கை அது. அரிதாக நேர்வதுதான், எனினும் வாரங்கள் கழித்தும் தோன்றலாம் என்பதால், மாத்திரையே காரணம் என்று எவருக்கும் தோன்றாமல் போகலாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் அம்மருந்தைத் தாமாக வாங்கி உண்ணலாகாது.

இதற்காக வலியைப் பொறுத்துக்கொள் என்று பெண்ணிடம் சொல்வது வேறொரு வகை அடிமைத்தனமே. வலிக்கு மருந்து வேண்டும். அம்மருந்து என்ன செய்யும் என்ற செய்தியும் உடன் வேண்டும். ஆனால் கடைக்காரர் அட்டையை வெட்டி நான்கு மாத்திரை தருகிறார். பெட்டியிலுள்ள விவரத்தாள் கடையிலேயே தங்கிவிடுகிறது. கைக்கு வந்தாலும் அது பொடி எழுத்து ஆங்கிலம். வங்காளியும் தமிழும் படிக்கும் உழைக்கும் பெண்ணுக்கு அது வெற்றுத்தாள். மாநில மொழிகளில் விவரத்தாள் என்பதைச் சட்டக் கட்டாயமாக்கக் கோருவதில் நாம் ஏன் தயங்க வேண்டும்? நிறுவனங்களின் விற்பனைத் தந்திரங்களை உள்ளிருந்தே அறிந்த மருந்து விற்பனைப் பிரதிநிதிகளின் அகில இந்திய சம்மேளனம், கொல்கத்தாவிலிருந்துதான் இயங்குகிறது. மாதர் அமைப்புகள் அவர்களோடு கைகோத்தால் இக்கோரிக்கைக்கு வலுக் கூடும்.

பக்கவிளைவு நேர்ந்தால் நோயாளியே தெரிவிக்க 1800 180 3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் உள்ளது. கிளைகளின் தகவல் பலகைகளில் இந்த வாரமே அதை எழுதிவைக்கலாம்.