பிடியரிசி போடுகிறவர்களுக்கு இறையியல் எதற்கு?

திருச்சபை இதழ் ஒன்றில் மூத்த குருவானவர் ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கட்டுரையை உரிய மரியாதையோடு வாசித்து முடித்தேன். அவர் தம் வாசகர்மேல் வைத்திருப்பதைவிட அது சற்றுக் கூடுதலான மரியாதைதான். சாதாரண விசுவாசிகள் மரபைக் கேள்வி கேட்கிறார்கள், வேதத்தைத் தாங்களே வாசித்துத் தங்களுக்கென்று ஓர் இறையியலை உண்டாக்கிக்கொள்கிறார்கள், இந்த 'அமெச்சூர் இறையியல்' சபையை உள்ளிருந்து அரிக்கிறது என்பது ஐயரவர்களின் புகார். நெஞ்சைப் பிளந்து சிகிச்சை செய்ய யாராவது பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவார்களா என்று வேறு கேட்கிறார். பட்டிமன்ற மேடையில் கைதட்டல் வாங்கித் தரும் கேள்விதான். ஆனால் மருத்துவரைப் பார்க்கப் போன நோயாளிகூடத் தனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்ல அனுமதி உண்டு. ஐயரவர்களின் மருத்துவமனையிலோ நோயாளி வாயைத் திறந்தாலே அது வேதப்புரட்டு.

முதலில் இந்தப் பயிற்சி வாதத்தை எடுத்துக்கொள்வோம். முறையாகப் படித்து, பட்டம் பெற்று, கைவைத்து அபிஷேகம் செய்யப்பட்டவரே இறையியல் பேச வேண்டும் என்றால், வலை அலசிக்கொண்டிருந்தவர்களையும் ஆயத்துறையில் உட்கார்ந்திருந்தவனையும் கூப்பிட்டவர்மேல் அல்லவா ஐயரவர்கள் முதல் புகாரைப் பதிய வேண்டும்? அது சுவிசேஷக் காலம், விதிவிலக்கு என்பாரானால், சபை வரலாற்றுக்கே வருவோம். மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் குருப்பட்டம் பெறாத நிலையில் செசரியாவில் ஆயர்கள் முன்னிலையில் பிரசங்கித்தார் என்று அலெக்சாந்திரியாவின் ஆயர் தெமெத்திரியு கொதித்தெழுந்தார். எருசலேம், செசரியா ஆயர்களோ இதற்கு முன்னுதாரணங்கள் இருக்கின்றன என்று பதில் எழுதினார்கள். ஆக, ஐயரவர்களின் கட்டுரை புதியதல்ல. ஆயிரத்து எண்ணூறு ஆண்டுப் பழைய புகாரின் மறுபதிப்பு. மூலத்துக்கு வந்த பதிலை மட்டும் பதிப்பாசிரியர் விட்டுவிட்டார்.

அவ்வளவு தூரம் எதற்கு? ஞாயிறு ஆராதனையில் ஐயரவர்கள் கையில் பிடித்திருக்கும் கீர்த்தனைப் புத்தகத்தையே புரட்டுவோமே. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் எந்த மிஷனிடமும் குருப்பட்டம் வாங்கியவரல்லர். சரபோஜியின் அவையில் மதிக்கப்பட்ட கவிஞர், இசை முதல் வேத மொழிபெயர்ப்பு வரை மிஷனரிகளோடு மல்லுக்கு நின்றவர். இரட்சணிய யாத்திரிகம் இயற்றிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை தமிழாசிரியர். அந்தக் காப்பியத்துக்கு மூலமான நூலின் ஆசிரியர் ஜான் பனியனோ பாத்திரங்களுக்கு ஒட்டுப்போடும் தொழிலாளி. அனுமதியில்லாமல் பிரசங்கித்த குற்றத்துக்காக 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டு சிறையில் கிடந்தவர். அதாவது, உரிமம் இல்லாத ஓர் ஆங்கிலேயத் தொழிலாளியின் கனவை உரிமம் இல்லாத ஒரு தமிழாசிரியர் காப்பியமாக்க, அதை உரிமம் உள்ள ஐயரவர்கள் பிரசங்க மேடையில் மேற்கோள் காட்டி, கீழே இறங்கி வந்ததும் உரிமம் இல்லாதவர்கள் சிந்திக்கக்கூடாது என்று கட்டுரை எழுதுகிறார். இதற்குப் பெயர் மரபுப் பற்றா, மறதியா?

இரண்டாவது வாதம் இதைவிடக் கம்பீரமானது. அப்போஸ்தலர் காலம் தொட்டு இன்றுவரை அறுபடாமல் வரும் மரபு ஒன்று இருக்கிறதாம். அதில் கைவைக்க நாம் யார் என்கிறார். அவர் ஊழியம் செய்யும் தென்னிந்தியத் திருச்சபையோ 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் பிறந்தது. ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், ஏற்கெனவே ஒன்றாகியிருந்த காங்கிரிகேஷனல், பிரஸ்பிடேரியன் சபைகள் என்று, தாய்நாட்டில் ஒருவர் பந்தியில் ஒருவர் உட்காரத் தயங்கியவர்களை ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்த துணிச்சல் அது. பேராயர் உண்டு என்றும் இல்லை என்றும் சொன்ன மரபுகளைச் சேர்த்துக் கட்டியதற்குப் பெயர் அறுபடாமையா? மரபின் காவலர்கள் அன்று அப்படி நினைக்கவில்லை. கவிஞர் டி.எஸ். எலியட் 1943இல் இந்த இணைப்புத் திட்டத்தைத் தாக்கித் தனிப் பிரசுரமே வெளியிட்டார். ஒன்றிணைப்பு என்ற பேரில் நடக்கும் அழிவு என்பது அதன் தலைப்பின் சாரம். அதிலும் ஒரு வேடிக்கை. எலியட் குருவானவரல்லர், லண்டன் ஆலயம் ஒன்றின் கண்காணிப்பாளராக இருந்த சாதாரண விசுவாசி. பிரசுரத்தை அவர் எழுதியதும் சாதாரண விசுவாசிகளை நோக்கித்தான். 1948இல் கூடிய ஆங்கிலிக்கப் பேராயர்களின் லாம்பெத் மாநாடும் புதிய சபையை முழு ஐக்கியத்தில் ஏற்கத் தயங்கியது.

எனவே ஐயரவர்கள் ஒரு முடிவுக்கு வரவேண்டும். மரபைக் கேள்வி கேட்பது பாவம் என்றால், அந்தப் பாவத்தில் கருவான சபையில்தான் அவர் அங்கி அணிந்திருக்கிறார். பாவமில்லை என்றால், 1947இல் அனுமதிக்கப்பட்ட கேள்வி இன்று ஏன் தடைசெய்யப்படுகிறது? கேள்வி கேட்டு முடித்த தலைமுறை கதவைச் சாத்திவிட்டுச் சாவியை விழுங்கிவிட்டதா?

மூன்றாவதாக, கேள்வி கேட்பவர்களுக்கு ஆவிக்குரிய பெருமை தலைக்கேறிவிட்டது என்கிறார். இந்தச் சொல்லம்பு பண்டித ரமாபாய்மேல் ஏற்கெனவே எய்யப்பட்டதுதான். 1883இல் இங்கிலாந்தின் வான்டேஜில் ஞானஸ்நானம் பெற்ற அந்த மராத்தியப் பெண், திரித்துவக் கோட்பாட்டை வேதத்தில் தேடிப் பார்த்துவிட்டுத் தமக்கு அது விளங்கவில்லை என்றார். வேதத்தைத் தாமே வாசித்து முடிவெடுக்கும் உரிமை தமக்கு உண்டு என்றார். இந்தியப் புரோகிதர்களின் நுகத்தடியிலிருந்து இப்போதுதான் தப்பி வந்திருக்கிறேன், இன்னொரு புரோகிதக் கூட்டத்தின்கீழ்ப் போய்க் கழுத்தை நீட்டமாட்டேன் என்ற பொருளில் தம் ஞானத்தாய் ஜெரால்டினுக்கே கடிதம் எழுதினார். ஜெரால்டினுக்கு அதில் தெரிந்தது ஆணவம். செல்டன்ஹாம் கல்லூரியில் ரமாபாய் ஆண்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் யோசனை வந்தபோது, இந்தியாவில் பேராயர்களாக இருந்த ஆங்கிலேயர்கள் பதறிப்போனார்கள். பெருமை பிடித்த அந்தப் பெண் அப்புறம் என்ன செய்தார்? கேட்காவோனில் முக்தி இல்லம் அமைத்தார். விதவைகளையும் பஞ்சத்தில் அநாதைகளான பெண்பிள்ளைகளையும் சேர்த்து வைத்துச் சோறு போட்டார், அச்சுத்தொழில் கற்றுக்கொடுத்தார். எபிரெயமும் கிரேக்கமும் கற்று, எளிய பெண்களுக்கும் விளங்கும்படி வேதாகமம் முழுவதையும் மராத்தியில் பெயர்த்தார். அந்தப் பெண்களே அதை அச்சுக்கோத்தார்கள். ஆணவம் என்று தீர்ப்பெழுதியவர்களின் பெயர்கள் இன்று அவருடைய வாழ்க்கை வரலாற்றின் அடிக்குறிப்புகளில் மட்டுமே கிடைக்கின்றன.

பெருமை வாதத்துக்குப் பின்னாலேயே ஐயரவர்கள் ஒரு குத்தல் வைத்திருக்கிறார்: சுதேசி இறையியல் என்று புறப்பட்டதெல்லாம் சாதி அரசியல்தானாம். சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம் 1857இல் நாசரேத்துக்குப் பக்கத்துப் பிரகாசபுரத்தில் தொடங்கிய இந்துச் சபையை எடுத்துக்காட்டுகிறார். இதில் பாதி உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். சட்டாம்பிள்ளையின் கோபத்தில் நாடார் சமூக மானம் கலந்திருந்தது. வேதநாயக சாஸ்திரியாரோ வெள்ளாளக் கிறிஸ்தவர்களின் சாதி வழக்கத்துக்கே வக்காலத்து வாங்கினார். அவர் பாட்டை எவ்வளவு ரசித்தாலும் அந்த வக்காலத்தை என்னால் மன்னிக்க முடிவதில்லை. ஆனால் மீதிப் பாதியை ஏன் ஐயரவர்கள் விழுங்கிவிட்டார்? அதே நாடார் சமூகத்தை இழிவாகச் சித்தரித்து 1849இல் நூல் வெளியிட்டவர் கால்டுவெல். முறையாகப் பயின்ற, அபிஷேகம் பெற்ற, பின்னாளில் பேராயரும் ஆன கால்டுவெல். அந்த அவமானத்துக்கு எதிர்வினையாகவே, கிறிஸ்தவம் ஐரோப்பியச் சொத்தல்ல, ஆசியாவில் எபிரெயர் நடுவே பிறந்தது என்று வாதாடி, சனிக்கிழமை ஓய்வுநாளையும் பழைய ஏற்பாட்டு முறைகளையும் கைக்கொண்டார் சட்டாம்பிள்ளை. அவர் முடிவு சரியா தவறா என்று விவாதிக்கலாம், நானும் வரத் தயார். ஆனால் அவர் வாதத்தைத் தொடாமல் சாதியை மட்டும் தொட்டுக் காட்டுவது என்ன நேர்மை? சாதியைச் சபையிலிருந்து உடனடியாக, முழுமையாக அகற்றுங்கள் என்று பேராயர் டேனியல் வில்சன் கட்டளையிட்டது 1833இல். இத்தனை காலம் கழித்தும் திருமண்டலத் தேர்தல் வந்தால் யார் எந்த ஆள் என்ற கணக்கு எந்த அறைகளில் போடப்படுகிறது, அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் அமெச்சூர்களா, பட்டதாரிகளா என்று ஐயரவர்களுக்குத் தெரியாதா?

செழிப்பு உபதேசக்காரர்கள் பற்றிய பத்தியை அதிகம் கிளறத் தேவையில்லை. மரபைக் கேள்வி கேட்டால் கடைசியில் பந்தல் போட்டுப் பணம் பறிக்கும் ஊழியக்காரரிடம்தான் போய் விழுவார்களாம். அந்தப் பந்தலுக்குள் யாராவது எழுந்து நின்று கேள்வி கேட்டு ஐயரவர்கள் பார்த்திருக்கிறாரா? அபிஷேகம் பெற்றவரை எதிர்த்துப் பேசாதே என்பதுதான் அங்கே முதல் பாடம். அதை அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, நம் ஆலயங்களிலேயே படித்துக்கொண்டு போனார்கள்.

சாதாரண விசுவாசியால் எதுவுமே முடியாது என்று ஐயரவர்கள் சொல்லவில்லை, அதையும் குறிப்பிட வேண்டும். வழக்கு நடத்த, கட்டடம் எழுப்ப, பள்ளி நிர்வாகம் பார்க்க அவர் வேண்டும். அதற்காகவே திருமண்டலங்களில் 'லே செயலர்' என்று ஒரு பதவி இருக்கிறது. சிந்திக்க மட்டும் அவர் வேண்டாம். அடுப்பில் உலை ஏற்றும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டு, அது நிறைந்ததும் துணியில் கட்டிக்கொண்டுவந்து காணிக்கையாகக் கொட்டிய பெண்களை நம் சபைகள் அறியும். வீட்டில் பிள்ளைகளுக்கே பற்றாத நாளிலும் அந்தப் பிடி கடவுளுக்கு எதற்கு, அந்தக் கடவுள் எப்படிப்பட்டவர் என்று தனக்குள் ஒரு தீர்மானம் இல்லாமலா அவள் கை கலயத்துக்குப் போயிருக்கும்? அந்தத் தீர்மானத்துக்கு இறையியல் என்று பேர் கிடையாது. அரிசிக்கு மட்டும் வரவுக் கணக்கு உண்டு. கட்டுரை முழுவதும் ஐயரவர்களைப் பதற வைப்பது எது என்று வாசகர் இந்நேரம் ஊகித்திருப்பார். திரித்துவத்தைப் பற்றிக் கேள்வி கேட்கத் தொடங்கியவர்கள் அடுத்த வாரம் வரவு செலவுப் புத்தகத்தைக் கேட்பார்கள். அந்தப் புத்தகத்தையும் அவர்களால் நடத்த முடியும் என்பதற்குச் சான்று உண்டு: நெல்லைச் சீமையில் 1903இல் இந்திய மிஷனரி சங்கம், இந்தியர் பணத்தில், இந்தியர் கையால், இந்தியர் நிர்வாகத்தில் என்று எழும்பியபோது அதை முன்னின்று நடத்திய வேதநாயகம் அசரியா ஒய்.எம்.சி.ஏ. செயலர், அவர் குருப்பட்டம் பெற இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன.

கடைசியாக ஐயரவர்களின் பிரம்மாஸ்திரம். 1938 தாம்பரம். உலக மிஷனரி மாநாடு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கூடிய அந்த ஆண்டில், வழக்கறிஞர் சக்கரை, புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாயிருந்த செஞ்சையா, திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்து மருத்துவர் யேசுதாசன் முதலியோர் இந்தியக் கிறிஸ்தவத்தை மறுசிந்தனை செய்து ஒரு தொகுப்பு நூல் வெளியிட்டார்கள். சபை என்ற அமைப்பும் கிறிஸ்து கொண்டுவந்த புதுப் படைப்பும் ஒன்றல்ல என்றார் செஞ்சையா. சக்கரை கிறிஸ்துவை அவதாரமாக விளக்கினார். பின்னாளில் சென்னை மேயரானார், தொழிற்சங்கத் தலைவரானார். இந்த வக்கீல்களின் விளையாட்டு இறையியலைத் தரைமட்டமாக்கிய முறையான அறிஞர் என்று ஐயரவர்கள் டச்சுக்காரரான ஹென்ட்ரிக் கிரேமரை மூன்று இடங்களில் துணைக்கு அழைக்கிறார். தாம்பரம் மாநாட்டுக்கென்றே கிரேமர் பெருநூல் எழுதியது உண்மை, இந்தியர்கள் அதை எதிர்த்ததும் உண்மை. அவரை வாசித்துவிட்டு அழைத்திருக்கலாம். கிரேமர் வேதாகமச் சங்கத்துக்காக ஜாவாவில் வேலை பார்த்த மொழியியலாளர். சாதாரண விசுவாசிகளுக்குச் சபையில் உரிய இடத்தை வலியுறுத்தி 1958இல் தனி நூலே எழுதியவர். கடைசிவரை அவர் குருப்பட்டம் பெறவில்லை.