ஸ்கூட் சொல்லப் பழகுதல்

ஒரு சீட்டுக் கட்டில் மொத்தம் எத்தனை சீட்டு என்றுகூடத் தெரியாத ஒருவர், போக்கர் உலகின் பெரிய கைகளில் ஒருவரான எரிக் சைடலிடம் போய், எனக்கு ஆடக் கற்றுக்கொடுங்கள் என்று நின்றார். 2016-ல் நடந்தது இது. மரியா கொன்னிகோவா என்ற அந்த நியூயார்க் எழுத்தாளர் உளவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். வாழ்க்கையில் அதிர்ஷ்டம் எதுவரை, திறமை எதுவரை என்று ஆடிப் பார்த்தே எழுதுவது அவர் திட்டம். 2020-ல் வெளிவந்த ‘தி பிக்கஸ்ட் பிளஃப்’ அந்தப் புத்தகம்தான்.

பழகுவதற்கு இணையம்தான் வசதி. ஆனால் நியூயார்க்கில் இணையத்தில் பணம் வைத்துப் போக்கர் ஆட முடியாது. ஹட்சன் ஆற்றுக்கு அக்கரையில், நியூஜெர்சியில் முடியும். எனவே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அக்கரைக்குப் போய், காபிக் கடையில் உட்கார்ந்து ஆடினார். அலுவலகம் போகிறவர் மாதிரி! நேரடி மேசையில் மணிக்கு முப்பது ஆட்டம் நடந்தால் அதிகம். இணையத்தில் ஒரு மேசையிலேயே அறுபதுக்கு மேல் ஓடும்.

அவ்வளவு ஆட்டத்தில் புதியவர் முதலில் பழக வேண்டியது ஆடாமல் இருக்க. சினிமாவில் காட்டும் கறுப்புக் கண்ணாடி, கல் முகம் எல்லாம் பிறகுதான். போக்கரின் ஹோல்டெம் வகையில் கைக்கு வருவது இரண்டே சீட்டு; மற்றவை எல்லோருக்கும் பொதுவாக நடுவில் திறக்கப்படும். அந்த இரண்டில் 1,326 சேர்க்கைகள். ஒன்பது பேர் உட்கார்ந்த மேசையில் நிதானமான ஆட்டக்காரர் ஐந்தில் நான்கு முறை முதலிலேயே கவிழ்த்துவிடுவார். நம் ரம்மிக்காரர்கள் ‘ஸ்கூட்’ என்று சொல்லிச் சீட்டை வீசுவார்களே, அதேதான். புதியவருக்கு இது பொறுக்காது. ஆட வந்தோமா, வேடிக்கை பார்க்க வந்தோமா என்று கை அரிக்கும்.

அடுத்தது கணக்கு. நடுவில் 100 ரூபாய் கிடக்கிறது. எதிராளி மேலும் 50 போடுகிறார். நீங்கள் 50 போட்டால் 150 கிடைக்கலாம். அதாவது நான்கில் ஒரு முறை ஜெயித்தாலே நட்டமில்லை. கையிலும் நடுவிலும் சேர்த்து உங்களுக்கு ஒரே ஜாதியில் நான்கு சேர்ந்திருக்கிறது. ஐந்தாவது வந்தால் ஜெயம். திறக்க வேண்டியது இன்னும் ஒரே சீட்டு. அது வரும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்கும் கொஞ்சம் குறைவு. ஆகவே இந்த விலைக்குப் போடக் கூடாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் வருகிற கணக்குதான். அதே நிலையில் போன தடவை போட்டு ஜெயித்தவருக்குத்தான் வராது!

இங்கேதான் சைடலின் பாடம் எனக்குப் பிடிக்கிறது. இரண்டு ஏஸ் கைக்கு வருவது 221-ல் ஒரு முறை. எதிரே இரண்டு ராஜா இருந்து, மொத்தப் பணமும் நடுவே போனாலும், நூற்றுக்குப் பதினெட்டு முறை ராஜாதான் ஜெயிக்கும். அப்படித் தோற்றவர் பார்க்கிறவரிடமெல்லாம் புலம்புவார். கொன்னிகோவாவும் ஆரம்பித்தார். சைடல் காது கொடுக்கவில்லை. முடிவு எப்படிப் போனது என்பது அவருக்கு வேண்டாம். அந்த நேரத்தில் என்ன தெரிந்திருந்தது, எதனால் அப்படி ஆடினாய், அதை மட்டும் சொல். சைடலே 1988-ன் உலகப் போட்டியில் ஜானி சானிடம் கடைசி ஆட்டத்தில் தோற்றவர். அந்தத் தோல்வியை ‘ரவுண்டர்ஸ்’ படத்திலும் காட்டி உலகம் முழுக்கப் பார்க்க வைத்தார்கள். புலம்ப உரிமை உள்ளவர் என்றால் அவர்தான்.

ஜெயிப்பதை வைத்தும் தேறிவிட்டோமா என்று சொல்ல முடியாது. 2017-ல் பிட்ஸ்பர்க்கில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராடஸ் என்ற கணினி நிரலை நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு மோதவிட்டார்கள். இருபது நாள், 1,20,000 ஆட்டம். அதிர்ஷ்டத்தைக் கழித்துவிட்டு யார் மேல் என்று சொல்ல அத்தனை ஆட்டம் வேண்டியிருந்தது (நிரல்தான் ஜெயித்தது). மணிக்கு முப்பது வீதம் ஒரு மனிதர் மேசையில் ஆடினால் 4,000 மணி நேரம். ஒரு சனிக்கிழமை ராத்திரி ஜெயித்துவிட்டு, கை வந்துவிட்டது என்கிறவரை என்ன சொல்வது?

கொன்னிகோவா 2018 ஜனவரியில் பஹாமாஸ் போட்டி ஒன்றில் முதலிடம் பிடித்து 84,000 டாலருக்கு மேல் எடுத்தார். அதைச் சொல்கிறவர்கள் அவருக்கு வாய்த்த வாத்தியாரையும், ஆட்டத்தையே முழுநேர வேலையாக வைத்துக்கொள்ள முடிந்ததையும் விழுங்கிவிடுகிறார்கள். கமிஷனையும்தான். நடுவில் சேரும் பணத்தில் ஐந்து விழுக்காடு வரை ஆட்டம் நடத்தும் தளம் எடுத்துக்கொள்வது வழக்கம். சரிசமமான ஆறு பேர் விடிய விடிய ஆடினால் ஆறு பேருமே இளைப்பார்கள். எதிராளியைவிடக் கொஞ்சம் தேறினால் போதாது. அந்தக் கமிஷனையும் தாண்டித் தேற வேண்டும். பெரும்பாலான புதியவர்கள் அந்த இடத்துக்கு வருவதேயில்லை.

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. ஆன்லைன் ரம்மிக் கடனில் குடும்பங்கள் சீரழிந்த செய்திகளைத் தமிழ்நாட்டில் இருந்து படித்தவன் என்ற முறையில் எனக்கு அதில் வருத்தமில்லை. கணக்கைப் பழக ஒரு சீட்டுக் கட்டும் கை நிறையப் புளியங்கொட்டையும் போதும். ஆனால் புளியங்கொட்டைக்கு ஆடும்போது யாரும் ஸ்கூட் சொல்வதில்லை, அது ஒரு தொல்லை.